இன்னொரு கோப்பை

"செத்தது யாருன்னு நீங்க கையெழுத்துப் போட்ட பிறகுதான் சொல்லுவோம் மேடம். வாரிசு தேடுற எங்க தொழில் வழக்கம் அது," என்றான் கிரெய்க், லோரெய்ன் கொடுத்த தேநீரை உறிஞ்சியபடி. "உயில் எழுதாம போயிட்டாங்க. சொத்து உங்களுக்கு, அதுல ஒரு பங்கு எங்களுக்கு."

லோரெய்ன் பேனாவை வாங்கினாள். மூடியைத் திறக்கவில்லை.

"அநாதை விடுதியில வளர்ந்தவ நான். எனக்குன்னு யாரு தம்பி இருக்கா? எந்த ஊருன்னாவது சொல்லேன்."

போட்டிக் கம்பெனிகள் முந்திவிடுமே என்று கிரெய்க்குக்கு அவசரம்.

"ஹல் துறைமுகம். மீன் ஆலையில வேலை. எந்நேரமும் பாடிக்கிட்டே இருப்பாங்களாம்."

"நல்லா பாடுவாங்களா?"

"அக்கம்பக்கத்துல விசாரிச்சேன். சுமார்தானாம். ஆனா தெருவுக்கே கேட்குமாம்."

லோரெய்ன் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கோவிச்சுக்காதே தம்பி. காலையில முதல்ல வந்தவர்கிட்டயே கையெழுத்துப் போட்டுட்டேன். எங்கம்மா பேரை அவர்தான் சொன்னார். அடுத்து வந்தவர், அம்மாவுக்குச் செம்பட்டை முடின்னார். பாடுவாங்கன்னு நீதான் சொன்னே."

கிரெய்க் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எழுந்தான்.

வாசலில் இன்னொரு கார் வந்து நின்றது. லோரெய்ன் கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டு, அலமாரியிலிருந்து இன்னொரு கோப்பையை எடுத்தாள்.