பேசாத ராசா

"கண்டி ராசா என்ட மகன்தான்!"

ஒரு மாதமாக அந்தத் தெருவில் இதைக் கேளாத காது இல்லை. ஆயிஷா உம்மா தறியில் இருந்தாலும் சொன்னாள், கிணற்றடியில் நின்றாலும் சொன்னாள். கேட்டுக் கேட்டு ஏறாவூர்க் கோழிகளும் "ஓம், ஓம்" என்று தலையாட்டப் பழகிவிட்டன.

சங்கதி இதுதான். பள்ளிக்கூடத்து அருமைநாயகம் வாத்தியாருக்குச் சரித்திரத்தைப் புத்தகத்துக்குள் வைத்துப் படிப்பிக்கப் பிடிக்காது. பிள்ளைகளே அந்தக் காலத்து ஆட்களாக வேசம் கட்டி, "நான்தான் இன்னார், நான் இன்னது செய்தேன்" என்று எழும்பி நின்று சொல்லவேண்டும். இந்தமுறை, புளியந்தீவுக் கோட்டையைக் கண்டி ராசாவும் ஒல்லாந்தரும் சேர்ந்து பறங்கியரிடமிருந்து பிடித்த கதை. பார்க்க இன்ஸ்பெக்டர் துரையும் வருகிறார். ராசா வேசம் ஆயிஷா உம்மாவின் மகன் சாலிஹுக்கு.

சும்மாவா? கடைக்கு நெய்யவேண்டிய சாரனையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு, சிவப்பில் மஞ்சள் கரைபோட்டு ராசாவுக்கு ஒரு சால்வை நெய்தாள்.

"உம்மா, அந்த வேசம் இருக்கே..." என்று சாலிஹ் ஒருநாள் தறியடியில் வந்து நின்றான்.

"ராசாமார் உம்மாவோட வாய் காட்டுறல்ல. போய்ச் சோத்தைத் தின்னு."

அவன் போய்விட்டான்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று பின்னேரம் ஆயிஷா உம்மா தெருப் பெண்டுகளையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்தில் பின்னால் விரித்த பாயில் இருந்தாள். பக்கத்தில் அடுத்த வீட்டு றமீஸா.

முதலில் பறங்கித் தளபதி வந்தான். "நான்தான் கோட்டைக்குத் தலைவன். என்னை ஆரும் அசைக்க ஏலாது" என்றான். அதற்குள் ஒட்டுமீசை அசைந்து ஒருபக்கம் தொங்கியது. பிறகு ஒல்லாந்தக் கப்பித்தான், பெரிய ஆளின் சப்பாத்துக்குள் காலை இழுத்து இழுத்து.

மறுகா ராசா வந்தார். சிவப்புச் சால்வை பளபளத்தது.

முகம் சாலிஹுடையதல்ல.

"என்னகா இது? செங்கலடி வயல்காரர் கோணாமலைப் போடியார்ட மகன் சீனித்தம்பிதானே இவன்?" என்றாள் றமீஸா.

சாலிஹ் கையில் ஒரு கோலோடு முன்னால் வந்தான், கூத்துக் கட்டியக்காரன்போல. "பராக், பராக்! மகாராசா வாறார், வழி விடுங்கோ!"

ஆயிஷா உம்மா றமீஸாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"விளங்கிட்டுகா. பள்ளிக்கூடக் கூரைக்குப் போடியார் ஓடு குடுத்தாரே! வாத்தியார் ராசா முடியைத் தூக்கி அவர்ட மகனுக்கு வச்சிட்டார். நெய்தவ நான், போத்திக்கிட்டு நிக்கிறது அவன்!"

"மெதுவாக் கதைகா."

"என்னத்துக்கு மெதுவா? அந்தப் பொடியன் 'க... க... கண்டி' எண்டு சொல்லி முடிக்கிறதுக்குள்ள, ஒல்லாந்தன் கோட்டையைப் பிடிச்சு, அவன்ட கையில இருந்து இங்கிலீசுக்காரனும் பிடிச்சிருவான்!"

பெண்டுகள் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார்கள். சாலிஹின் பார்வை ஒருதரம் பாய்ப்பக்கம் வந்து போனது.

ஆனால் ராசா வாயே திறக்கவில்லை. கையை உயர்த்தினார். சாலிஹ் முழங்கினான்: "'நான் கண்டிக்கு ராசா. என் கரையில் பறங்கியருக்கு என்ன வேலை?' என்று கேட்கிறார் மகாராசா!" கண்ணை உருட்டினார். "'இறங்கு கோட்டையை விட்டு!' என்கிறார்." தளபதி மீசையைக் கையில் பிடித்தபடி இறங்கினான்.

எல்லாம் முடிய, இன்ஸ்பெக்டர் எழும்பி நேரே ராசாவிடம் போனார்.

"ராசாவே, ஒரு கேள்வி. ஒல்லாந்தரை நம்பித்தான் கூப்பிட்டீரோ?"

படிப்பிக்காத கேள்வி. சீனித்தம்பியின் உதடு துடித்தது. வாத்தியார் கையைப் பிசைந்தார்.

சாலிஹ் கோலைத் தரையில் தட்டினான்.

"ராசா அந்நியரோடு நேரே பேசுறதில்ல, துரை. என்னட்டக் கேளுங்க."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, ராசா என்ன சொல்கிறார்?"

சாலிஹ் சீனித்தம்பியின் வாயருகே காதைக் கொடுத்தான். சீனித்தம்பி மெல்ல மெல்லச் சொன்னான். நேரம் பிடித்தது. சாலிஹ் அசையாமல் நின்று கேட்டான்.

"'நம்பவில்லை. எனக்குக் கப்பல் இல்லை, அவர்களிடம் இருந்தது' என்கிறார்."

"அடடா! இது மனனம் பண்ணின பிள்ளை சொல்லுற மறுமொழி இல்ல, வாத்தியார்!" இன்ஸ்பெக்டர் கைதட்ட, பள்ளிக்கூடமே தட்டியது.

ஆயிஷா உம்மா தட்டவில்லை. நேரே வாத்தியாரிடம் போனாள்.

"ஒரு கூரைக்கு ஒரு முடி. நல்ல வியாபாரம்தான் வாத்தியார்!"

வாத்தியார் திகைத்துப்போனார். "முடியை நான் மாத்தல்ல, உம்மா. போன கிழமை உங்கட மகன்தான் வந்து, 'ராசாவாச் சீனித்தம்பி நிக்கட்டும், பேச்சை நான் பேசுறன்' எண்டு ஒற்றைக்காலில நிண்டவன். போடியாருக்கே இண்டைக்குத்தான் தெரியும். அங்க பாருங்க."

அங்கே போடியார், அவ்வளவு பெரிய பொடியனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

ஆயிஷா உம்மா மகனை ஒரு பக்கமாக இழுத்தாள்.

"உண்மையா மனே? ஏன் குடுத்த நீ?"

"அவன் வாய் தொறந்தாச் சிரிக்கிறாங்க உம்மா. இனிப் பள்ளிக்கே வரமாட்டன் எண்டு அழுதான். ராசாவைப் பார்த்துச் சிரிக்க ஏலாதானே?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மறு நிமிசமே முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஒரு பச்சைப் புள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற அந்தக் கல்நெஞ்சு ஆருக்கு? பேரைச் சொல்லு மனே! இப்பவே அவங்கட வாசல்ல போய் நிண்டு நல்லாக் கேட்டுட்டு வாறன்!"

சாலிஹ் கோலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றான்.

"எங்கயும் போகத் தேவல்ல, உம்மா."