வீட்டில் ஒரு கோன்

"இன்னையோட சரியா இருபத்தெட்டு நாளு, மச்சான்" என்ற ஜுலைகா, துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜலீலுக்கு மூச்சு வாங்கியது. தலையில் ஹெல்மெட் அப்படியே இருந்தது. மனைவியின் செய்தியைப் பார்த்ததும் ஆபீசிலிருந்து பைக்கில் பறந்து வந்திருந்தான். வகுப்புக்குப் போய் அவள் கற்றுக்கொண்டிருந்த வியட்நாமியத்தில் மூன்றே சொற்கள்: 'மின் கோ கோன்.' நம்மிடம் ஒரு கோன் இருக்கிறது.

கோன் என்றால் அவனுக்குத் தெரியாதா? சைகோனின் 'பென் தான்' சந்தையில் கோன் கா என்றால் மீன், கோன் குவா என்றால் நண்டு. உயிருள்ள எதைக் கேட்டாலும் முன்னால் ஒரு கோன்.

"இருபத்தெட்டு நாளாவா? பூ மி ஹங்ல இந்த ஃப்ளாட் கிடைக்க மூணு மாசம் நாயா அலைஞ்சோம். ஒப்பந்தத்துல மொத வரி என்ன? பிராணி ஏதும் வளர்க்கக் கூடாது. பாத்தா அன்னைக்கே காலி! வீட்டுக்கார லாத்தா வேற இப்ப வர்றாங்க. என்ன அது, மீனா?"

ஜுலைகா அவனையே பார்த்தாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிற விலங்கியல் பட்டதாரிக்கு அன்று சிரிப்பு நிற்கவில்லை.

"தொண்டைப் பக்கம் செவுள் மாதிரி மடிப்பு இருக்கு. ஆனா மீன் இல்ல."

"வாலு?"

"இருக்கே. குட்டியா, சுருட்டிக்கிட்டு."

"பல்லியா?"

"முதுகுல மெல்லிசா ஒரு தண்டு ஓடுது மச்சான், முதுகுநாண். அதுக்கு மேல நரம்புக்குழாய், இப்பத்தான் மூடுது. ஐம்பது கோடி வருஷத்துக்கு முன்னால கடல்ல புழு மாதிரி நீந்துனதுகிட்டயும் இதே நாண்தான். மீன், தவளை, கோழி, யானை எல்லாம் அந்த வழிதான்."

"பாடம் நடத்தாத. முதுகெலும்பு இருக்கா?"

"இனிமேதான் வரும்."

"முதுகெலும்பே இல்லையா!"

"லாத்தாவுக்கு இப்படி நடுங்குறீங்களே, உங்களுக்கு மட்டும் இருக்கா?"

ஜலீல் ஃபிரிட்ஜைத் திறந்தான். தண்ணீர்க் கூஜாவுக்குள் எட்டிப் பார்த்தான். "எவ்வளவு பெருசு?"

"அரிசி."

"அரிசி மூட்டையா?"

"அரிசி மணி."

"அப்பாடா, ஒளிச்சிடலாம். கடிக்குமா?"

"இப்ப பல்லு இல்ல. அடுத்த வருஷம் கடிக்கும்."

"வளருமா?"

"நல்லா வளரும். எழுபது கிலோ, எண்பது கிலோகூட."

"முதலையா!" ஜலீல் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "எங்க வச்சிருக்கே சொல்லு. இப்பவே சைகோன் ஆத்துல விட்டுட்டு வர்றேன்."

அழைப்புமணி அடித்தது. வீட்டுக்காரி ஹோவா, கையில் பழப்பையோடு நின்றாள்.

மறைக்க நேரமில்லை. உண்மையை ஒப்புக்கொண்டால் இரக்கப்படுவாள் என்று நினைத்த ஜலீல், கைகூப்பியபடி கத்தினான்: "மின் கோ கோன்! லாத்தா, மின் கோ கோன்!"

ஹோவா வீல் என்று அலறினாள். பை விழுந்து ரம்புத்தான்கள் தரையெங்கும் உருண்டன. ஓடிப்போய் ஜுலைகாவைக் கட்டிக்கொண்டு அவள் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

ஜலீல் மிரண்டு போனான். "என்ன ஜுலைகா, லாத்தாவுக்கு முதலைன்னா அவ்வளவு பிரியமா?"

ஜுலைகா துப்பட்டாவை வாயிலிருந்து எடுத்தாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது.

"இந்த ஊருல பிள்ளைக்கும் கோன்னுதான் பேரு, மச்சான். நீங்க வாப்பா ஆகப்போறீங்க."