மூணு வருஷ ஆராய்ச்சி

“இல்லைங்கம்மா, அது கீறல் இல்லை. மூணு வருஷம் மண்டையை உடைச்சுக்கிட்டு நான் வச்ச கோடு.”

முதலாளி கூசாமச் சொன்னாரு. கோர்ட் அனுப்பி கம்பெனிக்கே வந்திருந்த நடுவரம்மா, அந்தக் குட்டி ஸ்விட்சை லென்சுக்கு அடியில திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

கீபோர்டுல ஒவ்வொரு பட்டனுக்கு அடியிலயும் ஒண்ணு இருக்குமே, அந்த ஸ்விட்ச். முதலாளி கம்பெனி ஸ்விட்சுக்குள்ள முடி மாதிரி ஒரு கோடு ஓடும். பட்டனை அழுத்தினா அதுல உரசி ‘டொக்’னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே தனி ரசிகர் கூட்டம். முதலாளி அதுக்குக் காப்புரிமை வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில மாட்டியிருந்தாரு.

இப்ப அதே கோடு, அதே ‘டொக்’, பாதி விலையில வேற ஒரு ஸ்விட்சுல. செஞ்சவன் நெட்டை. முன்னாடி இதே கம்பெனி டூல்ரூம்ல ஸ்விட்ச் வார்க்கிற அச்சு வெட்டினவன்.

“நீங்க காப்பி அடிச்சீங்களா?” நடுவரம்மா நெட்டையைக் கேட்டாங்க.

“அடிச்சேங்க. ஆனா அது கண்டுபிடிப்பு இல்லை. அச்சுமேல ஸ்க்ரூ டிரைவர் நழுவி விழுந்த கீறல். என் கை தவறிப் போச்சு. அதுக்குத்தான் இவர் என்னை வீட்டுக்கு அனுப்பினாரு.”

“பொய்ங்கம்மா. வரைபடத்தைத் திருடினான், அனுப்பினேன்.”

“கீறலுக்கு யாருங்க வரைபடம் போடுவாங்க? அந்தக் கோட்டுக்கு நான் வேலையையே விலையாக் கொடுத்திருக்கேன். இவர் காப்புரிமை ஃபீஸ் மட்டும்தான் கட்டினாரு.”

“போதும். அன்னைக்குக் கூட யாரு இருந்தது?”

முதலாளி வாசல் பக்கம் கையைக் காட்டினாரு. நெட்டை தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

வாசல்ல டூல்ரூம் மாஸ்டர் நின்னுட்டு இருந்தாரு.

“பத்து நிமிஷம் கழிச்சு இவரை விசாரிக்கிறேன்,” நடுவரம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க.

அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான் முதலாளி காத்திருந்தாரு. மாஸ்டரை வராண்டாவுக்குத் தள்ளிட்டு வந்து, டைப் அடிச்ச பேப்பரை நீட்டினாரு. முதலாளி வரைஞ்சு கொடுத்தபடிதான் அச்சுல கோடு வெட்டினாங்க, நான் கண்ணால பார்த்தேன்னு அதுல இருந்துச்சு.

“கையெழுத்துப் போடுங்க மாஸ்டர்.”

“நடக்காததை எப்படிங்கய்யா...”

“காப்புரிமை ஆபீசே நம்பிடுச்சு, உங்களுக்கென்ன? இந்தக் கேஸ்ல தோத்தா பாதிப் பேரை அனுப்பணும். முதல் ஆள் யாருன்னு நான் வேற சொல்லணுமா?”

தோள்ல தட்டிட்டு உள்ள போயிட்டாரு.

மாஸ்டர் பெஞ்சில உட்கார்ந்தாரு. பேனா மூடியைக் கழட்ட வரலை.

நெட்டையை அனுப்பினப்புறம், அச்சைத் தூக்கிப்போட மனசில்லாம முதலாளி அதுலயே ஒரு லாட் ஸ்விட்ச் வார்த்து வித்தாரு. சரக்கு திரும்பி வரும்னு எல்லாரும் காத்திருந்தாங்க. வந்தது, அந்த ‘டொக்’ பிரமாதம்னு பாராட்டுக் கடிதம். அடுத்த வாரமே முதலாளி ஆராய்ச்சியாளர் ஆயிட்டாரு. அது டூல்ரூம்ல எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. வெளியில சொல்ற தைரியம்தான் ஒருத்தருக்கும் இல்லை.

பேக்கிங்ல வேலை பார்க்கிற மாஸ்டரோட மச்சினன் காலி அட்டைப்பெட்டியோட வந்தான்.

“என்னத்தான், பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?”

“பரீட்சைதான். விடையை முதலாளியே எழுதிக் கொடுத்துட்டாரு.”

மச்சினன் பேப்பரை எட்டிப் படிச்சான். “அப்புறம் என்ன, போட்டுட்டு வாங்க. வீட்டுக் கடன் பாதிகூட அடையலை. பாப்பா இந்த வருஷம் ஒண்ணாங்கிளாஸ். நெட்டை என்ன நமக்கு மாமனா மச்சானா?”

“தோத்தா அவன் பட்டறை போயிடும்டா. நாலு மெஷினும் லோன்ல வாங்கினது.”

“போகட்டும். திருட்டுப்பய.”

“அப்படிச் சொல்லாதே.”

“சரி, நன்றி கெட்டவன். அது பரவாயில்லையா?”

மாஸ்டர் பேனாவைச் சட்டைப்பையில சொருகினாரு. திரும்ப எடுத்தாரு. திரும்பச் சொருகினாரு.

“அந்த அச்சு கெட்ட அன்னைக்கு உன் அக்காவுக்கு எட்டு மாசம். டாக்டர் படுத்தே இருக்கணும்னு சொல்லியிருந்தாங்க. அப்ப நான் இங்க தற்காலிகம். வெளியே போன்னு சொன்னா போயிட்டே இருக்கணும்.”

“அதுக்கும் நெட்டைக்கும் என்னத்தான் சம்பந்தம்?”

மாஸ்டர் வாயைத் திறக்க, கதவும் திறந்துச்சு. கிளார்க் தலையை நீட்டினாரு.

“மாஸ்டர், அந்தம்மா கூப்பிடுறாங்க. ஒரே கேள்விதானாம். நெட்டை கையிலேர்ந்துதான் ஸ்க்ரூ டிரைவர் நழுவுச்சா, இல்லையா?”

“இல்லை,” மாஸ்டர் எழுந்தாரு.

மச்சினனுக்குப் போன உசுரு வந்துச்சு. “அப்படிப் போடுங்க. அவன் சொல்றது பொய்தானே?”

“பொய்தான்.” கையெழுத்துப் போடாத பேப்பரை மச்சினன் பெட்டிக்குள்ள போட்டுட்டு, மாஸ்டர் கதவைப் பிடிச்சாரு. “ஆறு வருஷமா எனக்காகச் சொல்லிட்டிருக்கான். நழுவினது என் கையிலேர்ந்துடா.”

உள்ள போனாரு.