பெயர் சொல்லக் கூடாத மாயெஸ்த்ரோ

இசைக்குழுவை நடத்த வந்த மாயெஸ்த்ரோ உள்ளே நுழைந்ததும் அறுபது வாத்தியக்காரர்களும் சட்டென்று எழுந்து நின்றார்கள். ஒருவரும் அவர் பெயரைச் சொல்லி வரவேற்கவில்லை. எல்லோருடைய வலது கையும் பாக்கெட்டுக்குள் போயிற்று.

மரியாதை என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். பாக்கெட்டுக்குள் ஆளுக்கொரு இரும்புச் சாவி. ராசி கெட்டவர் எதிரே வந்தால் இத்தாலியின் கிரெமோனாவில் இரும்பைத்தான் தொடுவார்கள். பெயரைச் சொன்னால் போச்சு.

தியேட்டர் மேனேஜர் பெர்தோல்தி இரண்டு சாவிகளைப் பிடித்திருந்தார். நகரசபையில் பத்து வருடம் கெஞ்சி வாங்கிய சரவிளக்கு தலைக்கு மேலே தொங்கியது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஓபரா சீசன் தொடக்கம். 

இதற்கு முன் லோடியில் இவர் இசை நடத்தும் கோலைத் தூக்கியதும் சரவிளக்கு விழுந்ததாம். பவியாவில் பாடகனே வாத்தியக் குழிக்குள் விழுந்தானாம். சொன்னது வேறு யாருமில்லை, கட்டிய மனைவி எர்மீனியா! நேற்றே பெட்டிகளோடு வந்து இறங்கியவள், "அவர் தங்கமான மனுஷன்தான். ஆனா உங்க நல்லதுக்குச் சொல்றேன்..." என்று மேனேஜரின் காதைக் கடித்தாள். விடிவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

விரட்டவும் முடியாது. ராசி கெட்டவர் மனம் நொந்து போனால் இன்னும் ஆபத்து. சந்தோஷமாகத்தான் அனுப்ப வேண்டும்.

"மாயெஸ்த்ரோ, உங்க திறமைக்கு எங்க தியேட்டர் ரொம்பச் சின்னது," என்றார் பெர்தோல்தி.

"இன்னும் ஒத்திகையே ஆரம்பிக்கலையே?"

"நீங்க நடந்து வந்த அழகுலயே தெரிஞ்சுபோச்சே! மிலான்ல பெரிய தியேட்டர்ல பேசிட்டேன். நாளைக்கே வந்து பொறுப்பு ஏத்துக்கச் சொல்றாங்க. இந்தாங்க சிபாரிசுக் கடிதம். பத்தரைக்கு ரயில்."

'இவர் கோலை அசைத்தால் கல்லும் அழும்' என்று எழுதியிருந்தது. படித்த மாயெஸ்த்ரோவின் கண் கலங்கியது.

"லோடிலயும் இப்படித்தான் எழுதிக் கொடுத்தாங்க. நல்ல மனுஷங்க."

ஊர் பேண்டில் ஆரம்பித்தவர், பன்னிரண்டு வருடத்தில் ஏழு தியேட்டர் பார்த்துவிட்டார். ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிது. எங்கேயும் முழு சீசன் இருந்ததில்லை.

அவர் வாசலைத் தாண்டியதும் அறுபது பேரும் பாக்கெட்டிலிருந்து கையை எடுத்து ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அப்போதுதான் பெர்தோல்தி கவனித்தார். மாயெஸ்த்ரோ தன் கோலை நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், சரியாகச் சரவிளக்குக்குக் கீழே!

தொட எவனும் தயாராக இல்லை. பெர்தோல்தியே அதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, மூச்சிரைக்க வாசலுக்கு ஓடினார். படிக்கட்டில் எர்மீனியா கணவனிடம் சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"ஏன் எவரிஸ்தோ, எல்லா ஊர்லயும் சரவிளக்குதானா? கிரெமோனால கூரையே விழுந்துச்சுன்னு மிலான்ல சொல்லிடட்டுமா?"