டையில் போட்ட பிறகு

சாருலதா சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை, அந்தக் கேஸை, வெர்னியரில் வைத்து அளந்தாள். நீளம் எல்லையைத் தாண்டி நின்றது.

பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தாள். அதுவும் அப்படியே. மூன்றாவதை அளக்கும்போதே அவளுக்குக் காது சூடாகிவிட்டது.

மும்பை செம்பூரில் ஒரு ரைபிள் கிளப்பின் பின்கட்டு அறை அது. சுட்டு முடித்த கேஸ்களை மறுபடி அளவுக்குக் கொண்டுவந்து, வெடிமருந்து நிரப்பி, குண்டு செருகித் தோட்டாவாக்கும் இடம். மேஜைக்கு அந்தப் பக்கம் அஷ்வத், மருந்து நிரப்பும் கருவியோடு தயாராக நின்றான். டீம் கேப்டன். இந்தப் பெட்டி அவன் பொறுப்பு. மூடிமேல் பச்சை மார்க்கரில் பெரிதாக 'ஓகே' என்று எழுதியும் வைத்திருந்தான்.

"நேத்தே எல்லாத்தையும் அளந்தாச்சு மாமி. டிரிம் பண்ணவே வேண்டாம்."

மாட்டுங்கா தமிழ்ப் பையன்களுக்கு நாற்பதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் மாமிதான். அதற்குக்கூட அவள் இன்று கோபப்படவில்லை.

"டையில போடறதுக்கு முன்னாடி அளந்தியா, போட்டப்புறம் அளந்தியா?"

அஷ்வத் வாசலில் நின்ற செக்ரட்டரி வெங்கடேஷைப் பார்த்தான். பதில் கிடைத்துவிட்டது.

சுட்ட கேஸ் உப்பியிருக்கும். டை என்கிற இரும்பு அச்சில் கொடுத்து இறுக்கினால் பருமன் குறையும். குறைந்த பித்தளை எங்கே போகும்? உள்ளங்கையில் உருட்டிய மாவு மாதிரி நீளவாக்கில்தான் போகும். அதனால்தான் டையிலிருந்து வெளியே வந்த பிறகு அளப்பது, எல்லையைத் தாண்டியதைச் சீவி டிரிம் செய்வது. இந்தப் புத்திசாலி முன்னால் அளந்து, எல்லாம் சரி என்று மார்க்கரால் எழுதி, அப்புறம் டையில் போட்டு அத்தனையையும் நீட்டி வைத்திருக்கிறான்.

நீண்ட கேஸின் வாய் துப்பாக்கிக்குள்ளே போய் முட்டும். குண்டை விடாமல் நெரித்துப் பிடிக்கும். சுடும்போது அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். அது பின்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வந்தால், அங்கே இருப்பது சுடுகிறவரின் முகம்.

"அரே சாரு, ஒரு தலைமுடி அகலம் கூட இருந்தா என்ன? சல்தா ஹை, ஓடிடும்" என்றார் வெங்கடேஷ். "செலக்‌ஷன் நாளும் அதுவுமா படுத்தாதே."

அவள் மருந்துக் கருவியைத் தன் பக்கம் இழுத்து மூடினாள்.

"இந்த ரூமை விட்டு ஒண்ணுகூடப் போகாது."

"கமிட்டியில பேச வேண்டியிருக்கும்."

"தாராளமா பேசுங்கோ. கேஸ் நீளத்தையும் சேர்த்துப் பேசுங்கோ."

ஸ்டூலை இழுத்துப்போட்டு டிரிம்மர் முன்னால் உட்கார்ந்தாள். கைப்பிடியைச் சுற்றினாள். பித்தளை மெல்லிய சுருள்களாக மேஜைமேல் விழுந்தது. வாயின் பிசிறை உள்ளும் புறமும் எடுத்து, மறுபடி அளந்து, அடுத்ததை மாட்டினாள். அவசரப்பட்டுச் செய்கிற வேலை இல்லை இது.

மாநில டீமில் பெண்களுக்கு மீதம் இருப்பது ஒரே இடம். போன வருஷம் ஒரு பாயின்ட்டில் அவள் கையைவிட்டுப் போனது. அந்த ஒரு பாயின்ட்டை நினைத்து அழுதிருக்கிறாள், ஆபீஸ் லீவையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கிறாள். இன்று விட்டால் இனி அடுத்த வருஷம்தான்.

ரேஞ்சிலிருந்து மைக் கூப்பிட்டது. முதல் சுற்று, நாலாவது லேன், சாருலதா.

கைப்பிடி சுற்றியது.

"நீங்க போங்கோ மாமி, மிச்சத்தை நான் பண்ணிக்கறேன்" என்றான் அஷ்வத். சொல்லும்போது அவன் கை டிரிம்மர் பக்கம் வரவில்லை, மருந்துக் கருவியைத்தான் தேடியது. அவள் அதை இன்னும் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டாள்.

மைக் இரண்டாம் முறை கூப்பிட்டது.

"மூணாவது தடவையும் போகலைன்னா பேரை அடிச்சுடுவா" என்றார் வெங்கடேஷ். இப்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

அவளுக்குத் தெரியாதா? அவள் பை பக்கத்து நாற்காலியில் இருந்தது. அதற்குள் அவளுடைய தோட்டாக்கள், டையில் போட்டு, அளந்து, டிரிம் செய்து, நிரப்பி, வியாழக்கிழமையே தயார். இந்த அறைக்குள் அவள் வந்ததே ஆணியில் மாட்டியிருந்த காதுக்கவசத்தை எடுத்துப் போகத்தான்.

அவள் முன்னால் இருந்த பெட்டியின் பக்கவாட்டில், அதே பச்சை மார்க்கரில், மானசா என்று எழுதியிருந்தது.

மானசாவுக்கு இரண்டாவது சுற்று. நவி மும்பை கோபர்கைரனேயிலிருந்து வருகிறவள், தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்திவைக்கும் ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக்கில் எங்கோ ஒரு ரயிலில் மாட்டிக்கொண்டிருந்தாள். போன வருஷத்து ஒரு பாயின்ட் அவளுடையது. ஜெயித்த கையோடு எல்லோர் முன்னாலும், "ஆன்ட்டி, இனிமே நீங்க ரெஸ்ட் எடுங்கோ" என்று சிரித்தவளும் அவள்தான். அவள் துப்பாக்கி வேறு, சாருலதாவின் தோட்டா அதற்குச் சேராது.

பெட்டியைத் தூக்கி அலமாரியில் பூட்டிவிட்டு லேனுக்குப் போயிருக்கலாம். அந்தப் பெண்ணுக்குச் சுடத் தோட்டா இருக்காது, டீமில் இடம் தானாக வந்து சேரும். யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது.

மைக் மூன்றாம் முறை அவள் பெயரைச் சொன்னது. சற்றுப் பொறுத்து வேறொரு பெயரைச் சொன்னது.

சாருலதாவுக்குக் கண் கரித்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த கேஸை மாட்டினாள்.

ரெஸ்ட்டாம். அடுத்த வருஷம் லேனில் நின்று அவளை ஜெயிக்க வேண்டும். அதற்கு அந்தக் கழுதைக்கு இரண்டு கண்ணும் இருக்க வேண்டும்.