பேட்டரிப் பாட்டு

"கரண்ட்ல பாட்டுக் கேக்கிறவன், காதை அடகு வெச்சவன் மச்சான்!"

அத்தான் ஆரம்பித்துவிட்டார். ஊரிலிருந்து வந்த நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அதற்குள் பிடித்து ஸ்பீக்கர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்.

"கரண்ட்ல ஒரு கொர்ர் இருக்கும். அது பாட்டுக்குள்ள பூந்துடும். பேட்டரின்னா சுத்தத் தங்கம்!" என்று பக்கத்திலிருந்த மரப்பெட்டியைத் தட்டினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தலை தானாக ஆடியது.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குத் தப்பினேன். அங்கே அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

"டேய், அந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்கு தெரியுமா? ரெண்டு செங்கல்!"

"என்னக்கா சொல்றே?"

"கீழ் வீட்டுத் தையல்காரம்மா புருஷனுக்கு மூச்சுத் திணறல். கரண்ட் போனா மூச்சு மெஷின் நின்னுடுது. உங்கத்தான் உயிரைக் கேட்டாலும் குடுப்பார், பேட்டரியைக் குடுப்பாரா? அதான் அவர் வேலைக்குப் போனப்ப தூக்கிக் குடுத்துட்டேன். இப்ப ஸ்பீக்கர் சுவர் ப்ளக்ல ஓடுது."

"அவருக்குத் தெரியலையா?"

"எங்கே! அன்னிக்கே 'ஆகா, பேட்டரி பிரமாதம்'ங்கிறார்!"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பாட்டு ஞானமே கிடையாது என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்த மனிதர் இவர். இன்றைக்குப் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான்.

"வாயைத் திறந்தே, தொலைச்சுடுவேன். இவர் போய் பேட்டரியைத் தூக்கிட்டு வந்துட்டா அந்த மனுஷன் கதி என்னடா?" என்றாள் அக்கா.

இருவரும் கூடத்துக்கு வந்தோம். ஃபேன் நின்றது. கூடவே பாட்டும் நின்றது.

பேட்டரிப் பாட்டு கரண்ட் போனால் எப்படி நிற்கும்? அக்காவின் முகம் வெளுத்துவிட்டது.

அத்தான் விருட்டென்று எழுந்து சுவிட்சை அணைத்தார். "நான்தான் நிறுத்தினேன். பேட்டரிக்கும் ஓய்வு வேணும்ல?"

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஒரு ஜாக்கெட் தைக்கக் குடுத்துட்டு வந்துடறேங்க" என்று கீழே ஓடினாள். மூச்சு மெஷின் ஓடுகிறதா என்று பார்க்கத்தான்.

எனக்குக் கை பரபரத்தது. "அத்தான், அந்தப் பெட்டியைக் கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்கக்கா சொல்லிட்டாளா?"

நான் மெல்லத் தலையாட்டினேன்.

"முதல் நாளே அந்தக் கொர்ர் காதுல விழுந்துடுச்சு மச்சான். என்னடா இதுன்னு திறந்தா, செங்கல் ரெண்டும் என்னைப் பாத்துச் சிரிக்குது. அப்புறம் கீழ போய் விசாரிச்சேன்."

"பின்னே எதுக்கு ஆகா ஓகோன்னீங்க?"

"நல்லா இல்லேன்னு ஒரு வார்த்தை சொன்னா, என் முகத்துக்காக அவ அதைத் திருப்பி வாங்கிட்டு வந்துடுவாளே!"

எழுந்து போய், அலமாரியில் துணிகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் கையில் திணித்தார்.

"பேட்டரித் தண்ணி. அவ மேல வந்ததும் நீ நைசா கீழ போய் அந்த பேட்டரியில ஊத்திட்டு வந்துடு. மாசாமாசம் அவளுக்குத் தெரியாம போயிட்டு வர்றதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளுது!"