எதிர்வீட்டுப் பிள்ளை

தென்காசியிலிருந்து குளிர்தேசத்துக்குக் குடிவந்த கையோடு, கணவனுக்குத் தலைசுற்றிய அரசு விதி செண்பகத்துக்குப் பிடிபட்டுவிட்டது. வேலை பார்க்கும் தாய்க்குத்தான் பிள்ளை வளர்ப்பு உதவி. சொந்தப் பிள்ளையைப் பார்ப்பது வேலை அல்ல என்றது, சுவரில் பதித்திருந்த அரசுக் குரல், சுத்தத் தமிழில்.

"அடுத்தவ பிள்ளையப் பாத்தா?"

"அது வேலை."

"அப்படி வா வழிக்கு!" என்று எதிர்வீட்டு மைமூனின் கதவைத் தட்டினாள். மறுநாளிலிருந்து செண்பகத்தின் மகள் ஆதிரை மைமூனிடம், மைமூனின் மகன் இர்ஃபான் செண்பகத்திடம். இரண்டு வீட்டுக்கும் உதவி வந்தது.

ஆனால் மதியமானால் எதிர்வீட்டில் ஆதிரை "அம்மா" என்று அலறினாள். வேறு கையால் ஒரு வாய் வாங்கமாட்டாள். வேலை நேரத்தில் சொந்தப் பிள்ளைக்கு ஊட்டினாலோ உதவி நின்றுவிடும். பல்லைக் கடித்துப் பொறுத்துப் பார்த்த செண்பகம், ஒருநாள் பெரிய சட்டி நிறையக் குழம்புச்சோறு பிசைந்து, இரு வீட்டுக்கும் நடுவே நடைபாதையில் உட்கார்ந்தாள். பிள்ளைகள் இருவரும் ஓடிவந்து வாயைத் திறக்கத் திறக்க, உருண்டை உருட்டிப் போட்டாள்.

"யாருக்கு ஊட்டுகிறீர்கள்?" என்றது நடைபாதைச் சுவர்.

"வாயத் தொறக்குற பிள்ளைக்கு. பதிஞ்சுக்கோ."



"வேலை," என்று பதிந்துகொண்டது குரல்.